தாழ்ப்பாள் இல்லாத கதவு

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு காலையில் விரல்கள் மடங்காமல் நான் உள்ளேயே மாட்டிக்கொண்டேன். அப்பா கதவை உடைத்தார். அம்மா தாழ்ப்பாளையே கழற்றி எறிந்துவிட்டாள். பாதுகாப்பாம். இருபத்தைந்து வயதாகியும் சாத்திக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு இல்லை.

முடக்குவாதம் கிழவிகளுக்குத்தான் வரும் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், எனக்குப் பதினைந்தில் வந்தது. காலையில் பத்து மணிவரை விரல்கள் என் பேச்சைக் கேட்காது. சட்டைப் பொத்தான், பால் உறை, மாத்திரை அட்டை எல்லாவற்றுக்கும் அம்மா கைதான். எதை நீட்டினாலும் என்னவென்றுகூடப் பார்க்காமல் கிழித்துக் கொடுத்துவிடுவாள். இத்தனை செய்கிறவளைத் திட்டவும் வாய் வரவில்லை. எரிச்சலே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை மட்டும் தனி ரகம். வாரத்துக்கு ஒரு தடவை. வயிற்றில் பிள்ளை இருந்தால் தொடவே கூடாது. அதனால் மூட்டு டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "கர்ப்பமாக வாய்ப்பு இருக்காம்மா?"

பக்கத்து நாற்காலியிலிருந்து அம்மா முந்திக்கொள்வாள். "அவளுக்குக் கல்யாணமே ஆகலையே டாக்டர்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். கை கால் வீங்கிக் கிடக்கிறவளுக்கு ஆசை எங்கிருந்து வரும் என்கிற சிரிப்பு. டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். பிள்ளை உண்டாகாமல் இருக்க எது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று நான் கேட்க நினைத்தது கேட்காமலே போய்விடும்.

ஆசை வந்தது. நான் வேலை பார்க்கும் அழைப்பு மையத்தில் பக்கத்து இருக்கைக்காரன். அம்மா கண்ணில் படக் கூடாதென்று கைபேசியில் அவனுக்கு 'தலைவலி' என்று பெயர். என் விரல்களைத் தொடப் பயப்படாத ஒரே ஆள். பயப்பட வேண்டிய இடத்தில் இரண்டு பேருமே பயப்படவில்லை. இந்த மாதம் நாள் தள்ளிப்போய்விட்டது.

சனிக்கிழமை மாலை மருந்துக் கடையில் கர்ப்பச் சோதனைப் பட்டை வாங்கினேன். காலையில் எழுந்ததும் பார்த்தால் சரியாகத் தெரியும் என்றார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன். மாலையில் விரல்கள் நன்றாக வேலை செய்யும். அந்தத் தெம்பில் காலை விரல்களை மறந்தே போனேன். பத்து வருட நோயாளி செய்கிற தப்பா இது?

இதோ ஞாயிற்றுக்கிழமை. குளியலறையில் உறையைப் பல்லால் கடித்து இழுக்கிறேன். தாடையும் வலிக்கிறது. வழவழ உறை அசைந்துகொடுக்கவில்லை. வெளியே அம்மா, ஒரு கையில் மாத்திரை டப்பா, மறு கையில் தண்ணீர். நோய் வந்த புதிதில் ஒருமுறை துப்பி மாட்டிக்கொண்டதிலிருந்து, மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை நகர மாட்டாள். இன்று வேண்டாம் என்றால் ஏன் என்பாள்.

"என்னடி, இன்னுமா? எதையாச்சும் பிரிக்க முடியலையா? குடு."

டப்பாவையும் தண்ணீரையும் கீழே வைக்கும் சத்தம். கதவிடுக்கில் அவள் கை நீண்டது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. எப்போதும்போல் பார்க்காமல் கிழித்துவிடுவாள் என்று நம்பி உறையை அதில் வைத்தேன்.

கிழிபடும் சத்தம் கேட்டது. கை உடனே திரும்பி வரவில்லை.

பிறகுதான் வந்தது. பட்டையை வாங்கிக்கொண்டேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை கோடு?" என்றாள் வெளியிலிருந்து.

"ரெண்டும்மா."

மாத்திரை டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் விழுங்கிய மாத்திரைகள் உள்ளே என்ன செய்தனவோ. ஆனாலும் கொஞ்சம் நிம்மதி. இனி மறைக்க ஒன்றுமில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் டாக்டரிடம் இனியாவது கேட்டுவிடலாம்.

"நாளைக்குக் காலையிலயே டாக்டர்கிட்ட போறோம்" என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது. "நீ வாயத் தொறக்காத. எல்லாம் நான் சொல்லிக்கறேன்."

கதவு மெல்ல உள்ளே நகர்ந்தது. காலை நீட்டி அழுத்திப் பிடித்தேன். கால் விரல்களும் வீங்கித்தான் இருந்தன.