வீட்டு ஆளுக்குப் பொட்டலம் இல்லை

பிறந்த மறுநாளே நெஞ்சைத் திறந்து ஒட்டுப்போட்ட உணவுக்குழாய் கியெட்டுக்கு. தாய் வயிற்றிலேயே அது பாதியில் முட்டி நின்றுவிட்டது. சைகோன் டாக்டர்கள் இரண்டு முனையையும் இழுத்துத் தைத்து, "பிள்ளை பொழைச்சுது, தூக்கிட்டுப் போங்க" என்றார்கள். பிழைத்தான். ஆனால் அந்தப் பாழாய்ப்போன தையல், சோற்றைக் கண்ட இடமெல்லாம் அவன் மானத்தை வாங்கியது. ஒரு வாய் சோற்றுக்கு ஒரு மடக்குத் தண்ணீர். பந்தியில் கடைசியாக எழுபவன் அவன்தான். தழும்பு இறுகும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய் விரித்துக்கொண்டு வருவான். கொஞ்ச நாள் தாங்கும்.

இதையெல்லாம் அவன் ஞியெனிடம் சொல்லவில்லை. அவளைக் கட்டிக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது, அதனாலேயே சொல்லவில்லை. அம்மாவும் அவன் வாயைக் கட்டியிருந்தாள்.

"ஒட்டுப்போட்ட தொண்டைன்னு தெரிஞ்சா எவன்டா பொண்ணு குடுப்பான்? நிச்சயத் தட்டு மாத்தி முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாள் மகராசி. அந்தச் சோறே காட்டிக்கொடுக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஞியெனின் தாத்தாவுக்குத் திவசம் வந்தது. அன்றைக்குத்தான் அவள் கியெட்டை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவன் காதில் பாடம் நடத்திக்கொண்டே வந்தாள்.

"திவசத்துக்கு வந்தவங்க எல்லாருக்கும் போகும்போது வாழையிலைக் கொழுக்கட்டை கட்டிக் குடுப்பாங்க. உனக்குக் கிடையாது. வீட்டு ஆளுக்குப் பொட்டலம் இல்ல, பாத்திரம் கழுவுற வேலைதான். அப்பா உன்னைக் கழுவச் சொன்னார்னா சம்மதம்னு அர்த்தம்."

"எத்தனை அண்டா இருந்தாலும் போடச் சொல்லு!" என்றான் கியெட்.

பிறந்த வரிசை எண்ணைச் சொல்லியே ஆட்களைக் கூப்பிடுகிற ஊர் அது. அவள் அப்பா எட்டு மாமா. குரலும் பெரிது, மனசும் பெரிது. பந்தியில் கியெட்டைப் பக்கத்தில் உட்காரவைத்து, தான் சாப்பிடும் குச்சிகளாலேயே அவன் கிண்ணத்தில் வாத்துக்கறியை எடுத்து எடுத்து வைத்தார். பெரியவர்கள் வைத்ததை மிச்சம் விட்டால் மரியாதையா? மீன் போட்ட புளிக்குழம்பை ஊற்றி ஊற்றி அவன் சமாளித்துக்கொண்டிருந்தான்.

"என்னா மாப்ளே, கோழி கொத்துற மாதிரி கொத்துற! எங்க வீட்டுச் சோறு இறங்கலையா?"

பந்தியே சிரித்தது. அவனுக்கோ அந்த 'மாப்ளே' தேனாய்ப் பாய்ந்தது. அந்தச் சந்தோஷத்தில், அவர் நீட்டிய ஒட்டரிசிச் சோற்று உருண்டையை ஒரே வாயில் போட்டான். சரியாக மெல்லவில்லை.

நின்றுவிட்டது.

நடு நெஞ்சில் கல்லை வைத்தது போலிருந்தது. குடித்த குழம்பு அப்படியே திரும்பி வந்தது. எச்சில்கூட இறங்கவில்லை; வாயோரம் வழிந்தது.

"முள்ளு! மீன் முள்ளு சிக்கிடுச்சு! ஆறு அத்தையக் கூப்பிடுங்க!" என்று பந்தியில் யாரோ கத்தினார்கள்.

ஆறு அத்தை கால் முன்னால் வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் தொண்டையைத் தடவினால் முள் இறங்கும் என்பது அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அவள் ஈரக் கையோடு ஓடி வந்து அவன் கழுத்தைத் தடவினாள்.

"அசையாம இருடா கண்ணு. எத்தனை பேருக்கு இறக்கிவிட்டிருக்கேன்!"

முள் இருந்தால்தானே இறங்கும்? எட்டு மாமா வெறும் சோற்றைக் கெட்டியாக உருட்டினார்.

"மெல்லாத மாப்ளே, அப்படியே முழுங்கு. முள்ளத் தள்ளிக்கிட்டுப் போயிடும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். முள் இல்லை என்று கையையாவது ஆட்டியிருக்கலாம். அவன் ஞியெனைப் பார்த்தான். முகம் வெளுத்து விசிறிக்கொண்டிருந்தாள். சொன்னால் இவள் போய்விடுவாள் என்று நினைத்தான். அட பாவி, அந்த உருண்டையை வாங்கி விழுங்கினான்!

மாவட்ட ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு எல்லாவற்றையும் எடுத்தார்கள். விலாவில் இருந்த பழைய தழும்பைப் பார்த்த டாக்டர், வெளியே வந்து எட்டு மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"பொறந்தப்ப ஆபரேஷன் நடந்ததை ஏங்க யாருமே சொல்லல?"

"என்ன ஆபரேஷன்?"

கட்டிலில் கிடந்த கியெட்டுக்கு அது கேட்டது. எட்டு மாமாவின் அந்தப் பெரிய குரல் அவ்வளவு சின்னதாகிப் போயிருந்தது.

டாக்டர் அவனிடமும் மறைக்கவில்லை. உள்ளே கிழிந்திருந்தது. ஆறினாலும் இன்னும் இறுகும், இனி விரிக்க முடியாது, வயிற்றில் குழாய் வைத்துத்தான் கஞ்சி என்றார்.

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?"

"இப்படிப் பொறக்குற குழந்தைங்களப் பொழைக்க வைக்கக் கத்துக்கிட்டோம், தம்பி. வளர்ந்து வந்து நின்னா என்ன பண்றதுன்னு கத்துக்கல."

ஞியென் கட்டிலருகே நின்றாள்.

"எங்கூட எத்தனை வேளை சாப்பிட்டிருப்ப? ஒரு வேளை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா போயிடுவியோன்னு பயம்."

"தொண்டைக்காகப் போறவள்னா என்னை நெனச்ச?" அவளுக்கு அழுகை பொங்கியது. "இவ்வளவுதானா நான் உனக்கு?"



மறுநாள் காலை எட்டு மாமா வந்தார். உட்காரவில்லை.

"என் கையாலதானே உருட்டிக் குடுத்தேன்," என்றார். "என்னை என்ன பாவத்துக்கு ஆளாக்கிட்ட! சோத்துலயே பொய் சொல்றவன நம்பி எப்படிப்பா நான்..."

முடிக்கவில்லை. கையில் இருந்ததைக் கட்டிலோர மேசையில் வைத்துவிட்டு நடந்தார். வாசலில் நின்றிருந்த ஞியென் அதைப் பார்த்தாள், கியெட்டைப் பார்த்தாள், அப்பாவின் பின்னாலேயே போனாள்.

மேசையில் கொழுக்கட்டைப் பொட்டலம் இருந்தது. திவசத்துக்கு வந்த விருந்தாளிகள் எல்லோருக்கும் கட்டிக் கொடுத்தது போலவே வாழையிலையில் மடித்து நாரால் கட்டியிருந்தார்கள்.