அழாமல் மூடிய சாவு

ஓர்மோனுக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வெட்டியதால் வந்த வலி. சாயங்காலம் வாரி மேலே போட்ட மண், காலையில் வந்து பார்த்தால் வாய்க்காலுக்குள் சரிந்து கிடந்தது. மற்ற இடமெல்லாம் கரை நின்றது. அந்த மல்பெரி மரத்தடியில் மட்டும் நிற்கவில்லை.

மலையிலிருந்து இறங்கும் அந்த ஒரு வாய்க்கால்தான் இரண்டு ஊருக்கும். மேலே சரிபுலாக், கிர்கிஸ்காரர்கள். கீழே சோர்போக், தஜிக்குகள். முன்பொரு கோடையில் தண்ணீர் முறைக்காக இதே மரத்தடியில் மண்வெட்டியும் கல்லும் தூக்கினார்கள். ஓர்மோனின் தம்பி குபாத்தும், சோர்போக் நஸ்ருல்லோவின் மகன் உமேதும் வாய்க்காலுக்குள் ஒருவர்மேல் ஒருவர் செத்துக் கிடந்தார்கள்.

அப்புறம் இரண்டு ஊரும் உட்கார்ந்து, அவசர அவசரமாக நபியின் பேரில் சலவாத் சொல்லி, மன்னித்ததாக விஷயத்தை மூடின. சலவாத் சொல்லியாயிற்று என்றால் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தவன் ஒரு குதிரை அபராதம் கட்ட வேண்டும். அதனால் அந்த ஊர்ச் சாவுக்கு இந்த ஊர் கேதம் கேட்கப் போகவில்லை, இந்த ஊர்ச் சாவுக்கு அந்த ஊர் வரவில்லை. இந்த வசந்தத்தில் வீட்டுக்கு ஓர் ஆளாக, கூலியில்லாமல், சேர்ந்து தூர் வார இறங்கியிருந்தார்கள்.

ஓர்மோன்தான் மடைக்காரன். பூ உதிர்வதற்குள் தண்ணீர் போகாவிட்டால் ஆப்ரிகாட் பிஞ்சு நிற்காது. பிஞ்சு நிற்காவிட்டால் கல் மறுபடியும் கைக்கு வரும்.

மதியம் ரொட்டியைப் பிய்க்க உட்காரும்போதுதான் அது கேட்கும். கேதத்துக்கு வரும் ஆண்கள் செத்த வீட்டை நெருங்கும்போது பெருங்குரலெடுத்து அழுதுகொண்டே வருவார்களே, அந்த அழுகை. ஆனால் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. கிட்டே கிட்டே வந்தது, வந்து சேரவில்லை.

"ரொட்டி வாசம் புடிச்சு ஒம் மாமியா வருதுடா," என்றான் சோர்போக் தவ்ரோன். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனே ரொட்டியைத் துணியில் திரும்ப வைத்தான்.

மறுநாள் அந்த இடத்தில் இறங்க யாருக்கும் மனசில்லை. மரத்தைச் சுற்றிப் புதிதாக வெட்டிவிடலாம் என்றார்கள் சோர்போக் ஆட்கள். சுற்றிப் போனால் சரிபுலாக்கின் பார்லிக் காடு. தோண்டிக்கொண்டே எங்கள் நிலத்துக்குள் வருகிறீர்களா என்று மேலூர்க்காரன் ஒருவன் கேட்டான். அவன் கையில் ஒரு கல் இருந்ததை ஓர்மோன் பார்த்தான். எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

நஸ்ருல்லோ தள்ளி உட்கார்ந்து மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஓர்மோன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒங்களுக்கு எத்தன கொரல் கேக்குது, பெரியவரே?"

"ரெண்டு," என்றார் அவர், தலை நிமிராமல். "ஒன்னு எம் பய. ஒன்னு ஒந் தம்பி. நாம போய் அழல. அவனுங்களே ஒருத்தனுக்கொருத்தன் அழுதுக்கிறானுங்க."

"சலவாத் சொல்லியாச்சே."

"அழுதுட்டுல்ல சொல்லிருக்கணும்."

"குதிர கேப்பாங்க."

"கேக்கட்டும்."

விடிந்ததும் மேலூர்த் தெருவில் அழுகை கேட்டது. இந்தத் தடவை மண்ணுக்கு மேலே. நஸ்ருல்லோ கம்பை ஊன்றிக்கொண்டு, "எங் குபாத்தே, நான் தோள் குடுக்காமப் போன எந் தம்பியே," என்று கத்திக்கொண்டு ஏறி வந்தார். ஓர்மோன் வாசலில் நின்று பதிலுக்கு அழுதான். உள்ளே அவன் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாள். பிறகு தேநீர் குடித்தார்கள். மத்தியானத்துக்குள் நஸ்ருல்லோவின் சாம்பல் குதிரை அபராதமாக ஊர்ப் பொதுவில் கட்டப்பட்டது. இருந்தது அது ஒன்றுதான் அவருக்கு.

அன்று போட்ட கரை மறுநாள் நின்றது, பாதி மட்டும். மதியம் எல்லோரும் மெல்லுவதை நிறுத்திக் கேட்டார்கள். ஒரே குரல். இளங்குரல். உமேதுக்குத்தான் இன்னும் யாரும் போய் அழவில்லை.

எல்லோரும் ஓர்மோனைப் பார்த்தார்கள்.

அவன் கீழே சோர்போக்குக்கு நடந்தான். நஸ்ருல்லோவின் மனைவி வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்துவைத்து, பதிலுக்கு அழத் தயாராக நின்றிருந்தாள். ஓர்மோன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. நஸ்ருல்லோவின் கை குபாத்மேல் பட்டதில்லை. அவரால் அழ முடிந்தது. உமேதின் மண்டையில் இறங்கியது குபாத்தின் மண்வெட்டி. ஓர்மோன் மூன்றடி தள்ளி நின்று பார்த்தவன். யாரிடமும் சொன்னதில்லை. இங்கே அழுதால் அது வாயில் வந்துவிடும். தம்பி தண்ணீருக்காகச் செத்தவன் என்ற பெயர் போய், கொலைகாரன் என்ற பெயர் நிற்கும்.

அவள் காத்திருந்தாள். அவன் திரும்பி நடந்தான்.

பாதிக் கரைக்குக் கல் அடுக்கி முட்டுக் கொடுத்து மடையைத் திறந்தான். தண்ணீர் இரண்டு ஊருக்கும் போயிற்று. பிஞ்சு நின்றது. யாரும் கல் எடுக்கவில்லை. சலவாத் கெட்டுவிடும் என்று யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

மதியத்தில் மட்டும் அந்தக் குரல் கேட்கிறது. மரத்தடியில் இல்லை இப்போது. தண்ணீருக்கு எதிராக, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே, அவன் வீட்டுப் பக்கமாக ஏறி வருகிறது. சோர்போக்கில் அந்த வாசல் கதவை இன்னும் சாத்தவில்லை.

நஸ்ருல்லோவின் மகன் உமேதுக்கு ஓர்மோன் ஓர் அழுகை பாக்கி.