நூறு கெஜத்துக்கு அப்பால்

மாடத்திக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை. பெட்டிக்கடையைச் சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு போனதில் பிடித்த வலி, மூன்று வாரமாகியும் விடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாம். டேப் பிடித்து அளந்து, கடையை லாரி ஷெட் பக்கம் கிளப்பிவிட்டார்கள். கம்பெனி பஸ் நிற்பதோ பள்ளிக்கூட வாசலில். பஸ் பிடிக்க ஓடுகிறவன் எவனும் லாரி ஷெட்டுவரை நடந்து வந்து சிகரெட் வாங்கவில்லை. கம்பெனி பிரஸ் மெஷினில் மூன்று விரலைக் கொடுத்துவிட்டு வீட்டில் கிடக்கும் புருஷனுக்கும் சேர்த்து அந்தக் கடை வருமானத்தில்தான் உலை கொதிக்க வேண்டும்.

அதனால் பத்தாவது படிக்கும் மகன் தளவாயின் புத்தகப் பைக்குள் தினமும் ஐந்து பாக்கெட் வைத்து அனுப்பினாள். எட்டேகாலுக்கு ஜெனரல் ஷிப்ட் பஸ். ஏறுகிறவர்கள் கையில் கொடுத்துவிட்டு அவன் பள்ளிக்குள் போய்விட வேண்டும். முதல் நாளே வேண்டாம் என்றான். வேலைக்குப் போறவனுக்குத்தானே குடுக்கே, பிள்ளைகளுக்கா விக்கே என்று அவன் வாயை அடைத்தாள்.

ஒரு நாள் பஸ் நேரத்துக்கு முன்னாலேயே வந்து போய்விட்டது. பாக்கெட்டோடு வகுப்பில் உட்கார்ந்தான். அதே காலையில் எட்டாவது படிக்கும் இரண்டு பேர் கக்கூசுக்குப் பின்னால் புகைவிட்டு மாட்டிக்கொள்ள, எல்லார் பையையும் கொட்டிப் பார்த்தார்கள்.

தலைமையாசிரியர் பராங்குசம் ஆள் அனுப்பி மாடத்தியை வரவழைத்தார். மேசைமேல் ஐந்து பாக்கெட். சுவரோரம் தளவாய், கன்னம் வீங்கி நின்றான். சின்னப் பையன்களுக்கு விற்றவன் இவன்தான் என்ற பி.டி. வாத்தியார், அவன் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"கேட்டுகினே கீறன், வாய்ல இன்னா கொழுக்கட்டையாடா வச்சிகினு கீற?"

பராங்குசம் சத்தம் போடவில்லை. பரீட்சைக்குப் பதினோரு நாள் இருக்கிறது, கொடுத்தது யார் என்று தெரிந்தால் அந்த ஆள்மேல் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு இவனைப் பரீட்சை எழுத விடுவேன், இல்லாவிட்டால் டி.சி.தான் என்றார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க கடைச் சரக்காம்மா இது?"

போலீஸ் வந்தால் கடை போய்விடும். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"கடையிலேர்ந்து களவாண்டிருக்கான் சார். எனக்குத் தெரியாது."

தளவாய் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"ஆமா சார். களவாண்டேன். அம்மைக்குத் தெரியாது."

டி.சி.யை அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். வயதைக் கூட்டிச் சொல்லி, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கான்ட்ராக்டரிடம் லோடு ஏற்றப் போனான். சோறு போட்டால் சாப்பிட்டான். பேசவில்லை.

பரீட்சை தொடங்கிய காலையில் மாடத்தி பள்ளி வாசல்வரை போனாள். கடைக்கு ஆள் வந்து நிற்பான் என்று திரும்பிவிட்டாள். அவன் திருடவில்லை, நான்தான் வைத்து அனுப்பினேன் என்று பராங்குசத்திடம் சொல்ல வேண்டிய சொல்லை அவள் மகனுக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறாள்.