எதற்கும் தேங்காய் எண்ணெய்

மூன்றாவது தடவையும் ஆணுறை கிழிந்தபோது என் வீட்டுக்காரர் மாரிக்கண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தாராவி பெல்ட் பட்டறையில் பத்து வருடமாகத் தோல் வெட்டுகிறவர் அவர். எந்தத் தோல் எவ்வளவு இழுப்புக்குத் தாங்கும் என்று விரலால் தொட்டே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனை ஒரு ரப்பர் உறை மூன்று மாதத்தில் மூன்று தடவை கேவலப்படுத்தினால் எப்படி இருக்கும்?

முதல் தடவை, "கம்பெனிக்காரன் ஏமாத்துதான் பிரேமா" என்றார். இரண்டாவது தடவை சயான் வரைக்கும் நடந்து போய், விலை கூடினதாகப் பார்த்து வாங்கி வந்தார். மூன்றாவது தடவை யாரையும் திட்டவில்லை. "எம்மேலதான் தப்பு. எனக்குத்தான் ஒழுங்கா மாட்டத் தெரியல" என்று முணுமுணுத்தார்.

எங்களுக்கு இது விளையாட்டுக் காரியமில்லை. நாலு வருடம் முன்னால் சின்னவன் பிறந்தபோது எனக்கு நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு பிள்ளை என்றால் இவள் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டார். கருத்தடை ஆபரேஷனை, உடம்பில் ரத்தம் ஊறட்டும் என்று ஆஸ்பத்திரியில் தள்ளிப்போட்டார்கள். அப்புறம் பயத்தில் நானே தள்ளிப்போட்டேன். அவரோ ஒரு வருடம் என் பக்கத்திலேயே வரவில்லை. கடைசியில் நான்தான் வெட்கத்தை விட்டு, "நான் என்ன கண்ணாடிக் கிளாஸா, தொட்டா உடைய?" என்று சண்டை போட்டு அவரைத் திரும்பக் கூட்டி வந்தேன்.

இந்த மூன்றாவது கிழிசலுக்கு அப்புறம் எனக்கு நாள் தள்ளிப்போனது. ஒன்பது நாள். ஒன்பது நாளும் அவர் சோற்றைப் பிசைந்தாரே தவிர, சாப்பிடவில்லை. பத்தாம் நாள் காலையில் தீட்டு வந்து, எனக்குத் தலைக்கு ஊற்ற வேண்டி வந்தது. சொன்னதும் நேராகப் பிள்ளையார் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, பாயையும் தலையணையையும் சுருட்டினார்.

பிள்ளைகளிடம், "பட்டறைல காவலுக்கு ஆள் இல்ல" என்றார். என்னிடம் மட்டும், "இனி வேண்டாம் பிரேமா. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்றார்.

இருபது நாள் அங்கேயே படுத்தார். எனக்கு அவர் வேண்டும். இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? அவர் தோல் வாசனை வேண்டும், என் இடுப்பில் கிடக்கும் அந்தக் கனத்த கை வேண்டும். கிழியாத ஆணுறை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் ஆளைக் கூட்டி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் சந்து முனை மெடிக்கல்காரர் ஊர்க்காரர். என்னை மதினி என்று கூப்பிடுகிறவர். அவரிடம் போய் இதைக் கேட்பதற்கு மிட்டி நதியில் விழலாம். அதனால் செம்பூருக்கு பஸ் ஏறினேன். யாருக்கும் என்னைத் தெரியாத கடையாகத் தேடி நுழைந்தால், உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். கழுத்தில் தொங்கிய அட்டையில் பானுமதி என்று இந்தியில் எழுதியிருந்தது. நான் இந்தியில் தட்டுத்தடுமாறிக் கேட்டதும், "நீங்க தமிழா?" என்றாள். பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

வந்தது வந்தாச்சு. "கிழியாத பாக்கெட்டு வேணும். நல்லா கட்டியா இருக்கணும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எத்தனை தடவை கிழிஞ்சது?"

"மூணு."

"எக்ஸ்பைரி டேட் பார்த்தேளா?"

"எங்க வீட்டுல அவுக ரெண்டு தடவ பாத்துதான் எடுப்பாவ."

"கூட ஏதாவது தடவிக்கறேளா? க்ரீம், எண்ணெய் மாதிரி?"

உலகத்தில் யாருக்கும் தெரியாத விஷயம் அது. அவருக்கே தெரியாது.

எங்கள் வீட்டில் ஐந்து லிட்டர் கேனில் செக்குத் தேங்காய் எண்ணெய் இருக்கும். வருடா வருடம் என் கொழுந்தன் ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவருவார். தலைக்கு அதுதான், விளக்குக்கு அதுதான், அப்பளம் பொரிக்க, தீக்காயத்துக்கு, பிள்ளை முதுகில் வேர்க்குருவுக்கு, கிறீச்சிடும் கதவுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். சின்னவன் பிறந்த பிறகு எனக்கு உள்ளே காய்ந்து போய், அவர் சேரும்போதெல்லாம் உயிர் போகிற மாதிரி வலித்தது. சொன்னால் பயந்து மறுபடி விலகிவிடுவார். அதனால் குளிக்கிற மோரிக்குள் போய், ரகசியமாகக் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு வருவேன். முதலில் எப்போதாவது, இந்த மூன்று மாதமாகத் தவறாமல். வலி முழுதாகப் போகாது. பல்லைக் கடித்துக்கொள்வேன்.

"தேங்கா எண்ணெய்" என்றேன், கவுண்டரைப் பார்த்து.

"அதான். எண்ணெய் பட்டா ரப்பர் இளகிடும். எவ்வளவு கட்டியா வாங்கினாலும் கிழியும்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனுஷன் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு இருபது நாளாகத் தோல் குவியலுக்கு நடுவில் படுத்திருக்கிறார். கிழித்தது நான்.

பானுமதி தண்ணீர் கொடுத்தாள். பிறகு எண்ணெய்க்குப் பதிலாகத் தடவுகிற ஜெல் டியூப் நாலைந்தை எடுத்துப் போட்டாள். நான் ஸ்ட்ராபெரி படம் போட்டதைத் தொட்டேன். "அது வேண்டாம். வாசனை போட்டது, சூடாகும், ஜில்லுனு இருக்கும்னு போட்டது எல்லாம் சில பேருக்கு எரியும். இது சும்மா, வாசனை இல்லாதது. தண்ணில செஞ்சது, ரப்பரை ஒண்ணும் பண்ணாது. முதல்ல கையில தடவிப் பாருங்கோ, அரிச்சா விட்டுடுங்கோ. நடுவுல காஞ்சா இன்னும் கொஞ்சம் போட்டுக்கலாம், கஞ்சத்தனம் பண்ணாதேள்."

அப்புறம் குரலைத் தணித்து, "வலி எத்தனை நாளா?" என்றாள்.

"மூணு வருசம்."

"லேடி டாக்டர்ட்ட அவசியம் காட்டணும். இது பொறுத்துக்கற விஷயமே இல்லே" என்று சொல்லி, டியூபைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தாள். பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. பொறுத்துக்கொள்ள வேண்டாம் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உல்லாஸ்நகரில் என் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். பகலில் சாப்பிட வந்தவரைக் கதவைச் சாத்தி உட்கார வைத்து, "கிழிஞ்சது ஒங்களால இல்ல. நான் எண்ணெ தேய்ச்சதால" என்றேன்.

அவர் நம்பவில்லை. தொழில்காரர் அல்லவா, சோதித்துப் பார்த்தால்தான் நம்புவார். இரண்டு உறையைப் பிரித்தார். ஒன்றில் கேன் எண்ணெய், ஒன்றில் புது டியூப். கொஞ்ச நேரம் விட்டு ஒவ்வொன்றாக விரலில் மாட்டி இழுத்தார். எண்ணெய் பட்டது பட்டென்று பிளந்தது. மற்றது எவ்வளவு இழுத்தும் கிழியவில்லை.

"அப்பம் என் தப்பு இல்லியா!" என்று எழுந்தே நின்றுவிட்டார். முகம் அப்படி மலர்ந்தது. பரீட்சையில் பாஸான பையன் மாதிரி அந்தக் கிழிசலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தவரின் முகம் மாறியது.

"நீ எதுக்கு எண்ணெ தேய்ச்ச?"

இதற்குத்தான் பயந்தேன். பொய் ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிவிட்டேன்.

"வலிக்கும்" என்றேன்.

"எப்பம்?"

"எப்பமும். சின்னவன் பெறந்ததுலேந்து."

அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "மூணு வருசமா நான் ஒன்ன வலிக்க வச்சிட்டா இருந்தேன்? ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"சொன்னா போயிருவீய. இப்பம் போனீயள்லா, அதே மாரி."

என் கையை இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். கை நனைந்தது. நானும் அழுதேன், கொஞ்சம் கோபமாகவே அழுதேன். செவ்வாய்க்கிழமை இரண்டு பேருமாக டாக்டரிடம் போவது என்று முடிவானது. அதோடு டியூபை எடுத்துப் பத்திரமாக அலமாரியில் வைக்கப் போனார்.

"என்ன, அதுக்கு மால போட்டு பூச பண்ணப் போறீயளா?" என்றேன்.

சிரித்துவிட்டார். அன்று அவருக்கு அவசரமே இல்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை "வலிக்கா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். உண்மையாகவே இல்லை. மறுபடி கேட்டார். "இல்லங்க" என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது பழக்கத்தில் பல்லைக் கடிக்கப் போனேன். கடிக்காமல், "கொஞ்சம்" என்றேன்.

உடனே நிறுத்தினார். விலகிப் போகவில்லை, பாயைச் சுருட்டவில்லை. என் பக்கத்திலேயே படுத்து, நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். சொன்னால் நிறுத்துவார், நிறுத்தினாலும் போகமாட்டார் என்பது கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.