டிரக்கில் இரண்டு வண்டிக்குத்தான் இடம்

லோர்ன் ஹ்ரின்சுக்கிடம் இருந்தது ஒரே ஒரு பனிவண்டி, பனிமேல் ஏறி ஓடுகிற மோட்டார் வண்டி. வாங்கியதோ இரண்டு வண்டி ஏற்றுகிற டிரெய்லர். ஒற்றை ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிது என்று விற்ற கடைக்காரனே கேட்டுவிட்டான். லோர்ன் ஏதோ சொல்லி மழுப்பினான். பக்கத்து இடம் டாரில் டேவ்ஸின் வண்டிக்கு என்று முன்பின் தெரியாதவனிடம் சொல்ல முடியுமா? டாரிலுக்கே அது தெரியாது. போன பிப்ரவரியிலிருந்து டாரில் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பரில் மலைமேல் முதல் பெரும்பனி விழுந்ததும் வருகிற சனிக்கிழமை, மரே டெலோர்மின் பட்டறையில் கூடுவது அவர்கள் வழக்கம். புது வண்டி வாங்கியவன் கொண்டுவந்து நிறுத்துவான். வாங்காதவன் சுற்றிச் சுற்றி வந்து குறை சொல்வான். கல்யாணம் செய்துகொண்ட பெண்ணைக்கூட இந்த ஊர் ஆண்கள் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. பல வருஷமாக நாலு பேர் கூடினார்கள்: மரே, லோர்ன், டாரில், டாரிலின் தம்பி கெல்வின். கெல்வின் இப்போது இல்லை.

இந்த வருஷம் லோர்னை யாரும் கூப்பிடவில்லை. வராதே என்றும் யாரும் சொல்லவில்லை. வழக்கத்துக்கு அழைப்பு எதற்கு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, எப்போதும்போல் பூண்டு போட்ட சாஸேஜ் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். வேறு என்ன செய்வது? அந்த மலைகளில் தனியாக வண்டி ஓட்ட முடியாது. பனிக்குள் புதைந்தால் தோண்டி எடுக்க இன்னொருவன் கீழே நிற்க வேண்டும். யாரோடு மலையேறுகிறாய் என்று கேட்பதும், உன் உயிர் யார் கையில் என்று கேட்பதும் அங்கே ஒன்றுதான். டாரில் மறுபடி தன்னைச் சேர்த்துக்கொள்வானா? லோர்னுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

பட்டறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மர அடுப்பு எரிந்தது. மரே சாஸேஜ் பொட்டலத்தைக் கையில் வாங்காமல் வாயாலேயே வரவேற்றான்.

"வாடா மாப்ளே! என்னடா இது, டிரெய்லரா? பக்கத்து மாகாணத்துக்காரனுங்கதானே இதை இழுத்துட்டு வருவானுங்க. எப்படா அல்பர்ட்டாவுக்குக் குடி போன?"

"ஏன், டிரெய்லருக்கு என்னடா குறைச்சல்?"

"குறைச்சலா? மேல ஏறுற வரைக்கும் ஜோராத்தான் இருக்கும். காட்டுப் பாதையில திருப்ப இடம் கிடைக்காது பாரு, அப்ப தெரியும். போன வருஷம் ஒரு அல்பர்ட்டாக்காரன் டிரெய்லரை ரோட்டுக்குக் குறுக்க போட்டுட்டு, அழாத குறையா நின்னான். பின்னாடி அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்குது. நான் இறங்கிப்போய் அவனுக்குக் காபி குடுத்தேன்."

"நீயா குடுத்த? நீ போட்டோல்ல எடுத்த."

"ரெண்டும்தான் பண்ணேன்."

மரே சிரித்தான். லோர்னும் சிரித்தான். டாரில் குனிந்தபடி தன் வண்டியில் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

பட்டறைக்கு வெளியே டாரிலின் டிரக் நின்றது. அதன் முதுகில் புதிதாக அகலமான அலுமினிய மேடை ஒன்று பொருத்தியிருந்தது. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் ஏறி நிற்கலாம். முன்பெல்லாம் கெல்வினின் நாலு வண்டி டிரெய்லரில்தான் எல்லோரும் போவார்கள். பெட்டி மாதிரி மூடியது, உள்ளே ஹீட்டர் உண்டு, ஈர பூட்ஸைக் காயப்போட ஆணிகள்கூட உண்டு. கெல்வினின் மனைவி கோடையிலேயே அதை விற்றுவிட்டாள்.

"மேடைதான் மாப்ளே ராஜா," என்றான் மரே. "பனி உருக ரோட்டுல கொட்டுற உப்பு மேல தெறிக்காது. எந்தச் சந்துலயும் திருப்பலாம்."

"பனியில அந்த உயரத்துக்கு வண்டிய ஏத்துறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிடும். ஏத்துபலகை வழுக்குச்சுன்னா வண்டி உன் மடியில உக்காரும். உன் மச்சினன் கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு டிரக்குக்குள்ளயே போனானே, மறந்துட்டியா?"

"அவன் ஆக்சிலேட்டரைப் பிடிக்கறதும் அப்படித்தான், பொண்டாட்டிகிட்ட பேசறதும் அப்படித்தான். அவனை விடு."

பிறகு வண்டிகளைப் பற்றிய பேச்சு வந்தது. மரே வாங்கியிருப்பது டர்போ வண்டி. மலை உச்சியில் காற்று மெலிந்தாலும் அதன் வேகம் குறையாதாம். அடியில் ஓடுகிற ரப்பர் பட்டை நூற்று அறுபத்தைந்து அங்குலம். எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குப் பனியில் மிதக்கும். லோர்ன் அதைவிடக் குட்டையான பட்டை, டர்போ இல்லாத வண்டி வாங்கியிருந்தான்.

"ஏன்டா, காசு தீந்துபோச்சா, தைரியம் தீந்துபோச்சா?" என்று மரே கேட்டான்.

"மரத்துக்கு நடுவுல வளைச்சுத் திருப்பணும்ல. உன் வண்டி ரயில் மாதிரி நேரா ஏறும். பெல்ட்டும் பொசுங்கும். அப்புறம் என்னைத்தான் கயிறு கட்டி இழுக்கச் சொல்லுவ."

"ஏறும்போது பாப்போம். உன்னுது அந்த ஒத்த மரம் வரைக்காவது ஏறுமா?"

சொல்லிவிட்டு மரே நாக்கைக் கடித்துக்கொண்டான். டாரிலின் கை நின்றது.

போன பிப்ரவரியில், டர்பின் சரிவின் அடிவாரத்தில், கெல்வினிடம் சொன்னதும் இதே வார்த்தைதான். உன் பழைய வண்டி அந்த ஒத்த மரம் வரைக்காவது ஏறுமா? கேட்டவன் மரே. கைதட்டி ஏற்றிவிட்டவன் டாரில். லோர்ன் சிரித்தான், அவ்வளவுதான், ஆனால் நன்றாகவே சிரித்தான். கெல்வின் ஏறினான். மரத்துக்குக் கீழே வண்டி மூக்கு குத்திப் புதைந்து நின்றது. எவ்வளவு உதறியும் கிளம்பவில்லை. கையை ஆட்டி உதவிக்குக் கூப்பிட்டான்.

டாரில் உடனே வண்டியை முறுக்கினான். சரிவில் ஒரே நேரத்தில் ஒருவன்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. மாட்டிக்கொண்டவன் தானே தோண்டிக்கொண்டு வர வேண்டும். இன்னொரு வண்டியின் பாரம் ஏறினால் சரிவின் பனி முழுதும் பிய்ந்துகொண்டு வரும். அந்த விதியைப் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பில் நெட்டுருப் போட்டவர்கள்தான் அத்தனை பேரும். ஆனால் மேலே நிற்பது தம்பி. லோர்ன் பாய்ந்துபோய் டாரிலின் சட்டையிலிருந்து வண்டிக்குப் போகிற சுருள் கயிற்றைப் பிடுங்கினான். ஓட்டுகிறவன் விழுந்தால் இன்ஜின் தானே நிற்பதற்காக உள்ள கயிறு அது. இன்ஜின் செத்தது. கயிற்றைக் கொடுடா என்று டாரில் அவன் முகத்தில் குத்தினான். லோர்ன் கொடுக்கவில்லை. இருவரும் பனியில் கட்டிப் புரண்டார்கள்.

அதற்குள் சரிவு இடிந்து வந்திருந்தால் கதை வேறு. அது வரவில்லை. சாவகாசமாகக் காத்திருந்தது. இருவர் சேர்ந்து இழுத்து ஒரு வண்டியைக் கிளப்பிக்கொண்டு இறங்கிவிடக்கூடிய நேரம் போன பிறகு, யாரும் தொடாமலே உச்சியிலிருந்து பிளந்து கெல்வின்மேல் இறங்கியது. மலையேறுகிற ஒவ்வொருவனும் மார்பில் கட்டிக்கொள்கிற தேடுகருவியை வைத்துத் தேடி, மூவரும் மாறி மாறித் தோண்டி, அவனை வெளியே எடுத்தபோது அவன் முகம் நீலமாக இருந்தது.

லோர்ன் செய்ததுதான் சரி என்று மீட்புக்குழுவினர் சொன்னார்கள். பாதிரியார் சொன்னார். கெல்வினின் மனைவியே அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஊரே சொன்ன அந்த வார்த்தையை டாரில் மட்டும் சொல்லவில்லை. லோர்னுக்கு மற்ற எவன் சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

இப்போது மரே பேச்சை மாற்றுவதற்காக டாரிலின் புது வண்டியைத் தட்டிக்காட்டினான். "இதைப் பாரு லோர்ன், எவ்ளோ லேசா இருக்கு பாரு. ஒரு கையால தூக்கலாம்."

லோர்ன் கிட்டே போனான். நல்ல வண்டிதான். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தான், பட்டையைத் தடவிப் பார்த்தான். சுருள் கயிறு மாட்டுகிற இடத்தில் கயிறு இல்லை. அங்கே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. உள்ளே கம்பியைக் கம்பியோடு சேர்த்து முறுக்கியிருந்தார்கள்.

"கயிறு எங்கடா?" என்றான்.

மரே அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டான்.

"டாரில், கயிறு இல்லாம நீ விழுந்தா வண்டி நிக்காதுடா. அது பாட்டுக்குப் போயிடும்."

டாரில் நிமிர்ந்தான். "போகட்டும்," என்றான். "எவனும் அதைப் பிடுங்க முடியாதுல்ல."

அந்த எவனும் தான்தான் என்று லோர்னுக்கு உறைத்தது. பரவாயில்லை, வாயைத் திறந்துவிட்டானே என்று ஒரு அற்ப சந்தோஷமும் கூடவே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொல்லிவிடத் துணிந்தான்.

"என் டிரெய்லர்ல ரெண்டு வண்டி ஏறும். சும்மா கிடக்குது ஒரு இடம். உன்னுதை ஏத்திக்கலாம்னு... எப்பவும் போல போலாம்னுதான் வாங்கினேன்."

"எனக்கு டிரக் இருக்கு."

"மரேயுது ஒண்ணு, உன்னுது ஒண்ணு அதுல ஏத்திக்கோங்க. நான் பின்னாடியே வரேன்."

மரே தரையைப் பார்த்தான். அப்போதுதான் லோர்ன் கவனித்தான். இருவரும் மலைக்குப் போகிற பூட்ஸ் போட்டிருந்தார்கள். மார்பில் தேடுகருவியின் பச்சை விளக்கு எரிந்தது. வண்டி காட்டுகிற சனிக்கிழமை என்று அவன் சாஸேஜோடு வந்திருக்கிறான். இவர்கள் அவனுக்குச் சொல்லாமல் முதல் சவாரிக்கே கிளம்பி நிற்கிறார்கள். எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்று அவனுக்குக் காது சூடேறியது.

டாரில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இன்னிக்கு மேல மரே மாட்டிக்கிறான்னு வெச்சுக்கோ. நான் ஏறப் போறேன். நீ கீழ நிக்கிற. என்ன பண்ணுவ?"

பொய் சொல்ல லோர்னுக்கு நிறைய நேரம் இருந்தது. விட்டுவிடுவேன்டா, போகட்டும் என்று இருந்துவிடுவேன்டா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாரில் அதை நம்பக்கூட வேண்டியதில்லை, கேட்டாலே போதும் என்றுதான் நின்றான். அவன் கண்ணில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகம் இருந்தது. மரே பின்னாலிருந்து, சொல்லித் தொலையேன் என்பதுபோல் தலையை ஆட்டினான்.

"உன்னை இழுத்துக் கீழ போடுவேன்," என்றான் லோர்ன். "கயிறு இல்லேன்னா உன் கழுத்தைப் பிடிப்பேன்."

டாரில் மெதுவாகத் தலையாட்டினான். "தெரியும்," என்றான். "உன்னை எனக்குத் தெரியாதா? அதனாலதான்டா உனக்கு இடமில்ல."

மரே ஏற்றுபலகையை இழுத்து மேடையில் மாட்டினான். முற்றம் முழுதும் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. பலகையின் அடி நழுவியது. ஒருவன் ஓரத்தில் காலை ஊன்றி மிதித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வண்டியோடு மல்லாந்து விழ வேண்டியதுதான். மரே மேலே நின்றான். டாரில் வண்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். மிச்சம் இருந்தது லோர்ன்.

யாரும் கேட்கவில்லை. அவனாகவே போய் மிதித்துக்கொண்டான். ஏன் போனோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது, ஆனால் காலை எடுக்கவில்லை. கால் நிற்கிறதா என்று டாரில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டென்று முறுக்கி ஒரே மூச்சில் ஏறிப் போனான். லோர்ன் காலை ஊன்றினால் நகராது என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அடுத்து மரேயின் வண்டியும் ஏறியது. மேடை நிறைந்தது. வண்டிகளை வார்போட்டு இறுக்கிக் கட்டினார்கள், பலகையை மேலே செருகினார்கள்.

டிரக் கிளம்பியது. வாசல் தாண்டும்போது மரே கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். நல்லவன்தான், ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்கும் இருந்திருக்கும்.

"மாப்ளே, போகும்போது கதவைச் சாத்திட்டுப் போயிடு. அடுப்பு எரியுது, சூடெல்லாம் வெளிய போயிடும்."

லோர்ன் போய்க் கதவைச் சாத்தினான்.