டார்பிடோவுக்கு முந்திய பேனர்

உலக மக்களுக்கும், குறிப்பாகப் போரிடும் நாடுகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: கடல் போர் குறித்துச் சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸ் கிறிஸ்துராஜ் தமது நிலைப்பாட்டை எடுத்துவிட்டார். சரக்குக் கப்பல்களை நீர்மூழ்கிகள் அடிப்பதை அவர் வன்மையாகக் கண்டிக்கிறார். நாமக்கல் முட்டையைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி ஏற்றி அனுப்புகிறவர் என்பதால், இந்த ஊரில் கடலுக்கு அவர்தான் பொறுப்பு. வேளாங்கண்ணியில் முழங்கால் வரை இறங்கிய அனுபவமும் உண்டு.

இந்த அறிவிப்பு வெளியானபோது, ஆபீஸுக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருக்கும் அந்தோணிமேரி அவர் முன்னால் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் மகன் ரூபன் கோதுமைக் கப்பல் ஒன்றில் ஃபிட்டர். கப்பல் போகிற இடத்தைக் காட்டும் பச்சைப் புள்ளியை அவள் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

"ஏனுங்கண்ணா, புள்ளியக் காணோமுங்க."

"டிரைவர் ஜிபிஎஸ் வயரப் புடுங்கியிருப்பான் மேரி. நம்ம பசங்க சொந்த ஊர்ப் பக்கம் போனாப் புடுங்கறதில்லையா? எங்கியாச்சும் ஓரங்கட்டித் தூங்குவான்."

"கடல்ல ஏதுங்கண்ணா ஓரம்?"

கிறிஸ்துராஜ் அடுத்த லாரிக்குப் பில் போடத் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் டிவியில் சொன்னார்கள். ரூபனின் கப்பல் போக வேண்டிய ஜலசந்திக்குள் கோதுமைக் கப்பல் ஒன்றை நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்து மூழ்கடித்துவிட்டதாம். பெயர் சொல்லவில்லை. அதில் இந்தியர்கள் இருந்தார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஷாம்பு விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள். அவனை வேலைக்கு அனுப்பிய மும்பை ஏஜென்சிக்குப் போன் போட்டால் இந்திப் பாட்டுத்தான் கேட்டது.

"இன்ஜின் ரூமு எங்கடா இருக்கும்?" என்று மகனிடம் முன்பொருமுறை கேட்டிருந்தாள். "அடியிலம்மா, தண்ணிக்குக் கீழ" என்று சிரித்தான். இப்போது அவளால் குடத்தைத் தொட்டிக்குள் முக்க முடியவில்லை. முங்கும்போது வரும் அந்தக் களக் களக் சத்தத்துக்குப் பயந்து சொம்பால் மொண்டு ஊற்றினாள். பைபாஸில் லாரி டயர் ஒன்று வெடித்தது. காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் குந்திவிட்டாள். டயர் வெடிக்காத நாள் சங்ககிரியில் ஏது?

மறுநாள் காலை கடை திறக்க வந்தவள், லாரி ஸ்டாண்டு முகப்பில் மகனைப் பார்த்தாள். பத்தடி உயரம். டை கட்டிய பாஸ்போர்ட் போட்டோ. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. பக்கத்தில் கை கூப்பிய கிறிஸ்துராஜ், ரூபனைவிட ஒரு சுற்றுப் பெரிதாக. யாரோ மாலைகூடச் சாத்தியிருந்தார்கள்.

கிறிஸ்துராஜ் ஆபீஸிலிருந்து இறங்கி வந்தார்.

"தகவல்... வந்துருச்சுங்களாண்ணா?"

"இன்னும் இல்ல மேரி. வரும். இது முகூர்த்த மாசம். வந்தப்புறம் ஆர்டர் குடுத்தா ஃபிளக்ஸ்காரன் இழுத்தடிப்பான். அதான் முன்னாடியே அடிச்சாச்சு. தேதிய விட்டிருக்கேன் பாரு."

பார்த்தாள். ‘தோற்றம்’ என்பதற்கு எதிரே அவன் பிறந்த தேதி. ‘மறைவு’ என்பதற்கு எதிரே வெள்ளையாக இருந்தது.

"அடிச்சா உடனே கட்டோணுமாங்க?" என்றார் இட்லிக்கு வந்த டிரைவர் தங்கமுத்து.

"பசங்க ஆர்வக்கோளாறுல கட்டிட்டானுக."

அப்போது அவள் போன் அடித்தது. நீளமான, தெரியாத நம்பர். அவள் தொடவில்லை. தொட்டால் அந்த வெள்ளை இடம் நிரம்பிவிடும் என்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கமுத்துதான் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அவள் காதருகே பிடித்தார்.

"அம்மா, ரூபன். கேப்டன் ஆளுக்கு ஒரு நிமிசந்தான் குடுத்திருக்காரு. அடிபட்டது எங்களுக்கு முன்னால போன கப்பல். நாங்க இருக்கறது தெரியக்கூடாதுன்னு சிக்னல நிறுத்திட்டாங்க."

"வந்துரு சாமி. எறங்கி வந்துரு."

"நடுவுல எங்கம்மா எறங்கறது? இன்னிக்கு ராத்திரி அதே வழியாத்தான்..."

லைன் அறுந்தது.

ஸ்டாண்டே கை தட்டியது. தமது கண்டனம் உரிய இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கிறிஸ்துராஜ் விளக்கினார். அந்தோணிமேரி கை தட்டவில்லை.

"அதக் கழட்டி எரிச்சுருங்கண்ணா. உங்க கால்ல உளுகறேன்."

உடனே கழற்றச் சொன்னார். மாலையை எடுத்தார். ரூபன் முகத்தில் மடிப்பு விழாதபடி தாமே பார்த்துப் பார்த்துச் சுருட்டி, சணல் போட்டுக் கட்டினார்.

"எதுக்குங்கண்ணா கட்டறீங்க?"

அவர் அதை ஆபீஸ் பரணில் ஏற்றினார்.

கப்பல் இன்னும் ஜலசந்தியைத் தாண்டவில்லை.