பச்சை உடம்புக்காரிக்கு மொச்சை

1

இந்தக் கதை முதலில் கட்டுரையாகத்தான் இருந்தது. மொச்சையில் என்ன சத்து இருக்கிறது என்று எழுதித் தரும்படி ஒரு மருத்துவ இதழ் கேட்டது. புரதம், இரும்பு, நார் என்று நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டு போனேன். ‘பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஏற்றது’ என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கத்தில் மொச்சையைக் கண்ணில் காட்டமாட்டார்களே? வாயுப் பண்டம், தாய் தின்றால் பிள்ளைக்கு வயிறு உப்பி மாந்தம் வரும் என்பார்கள். அந்தப் பத்தியக்காரர்கள் என்னோடு மல்லுக்கு நின்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்தது. கட்டுரைக்குள் அவர்களை விடமாட்டார்கள். ஆகவே கதை.

2

முதல் தொடக்கம்: ‘முப்பதுகளின் புதுச்சேரி. கடற்காற்றில் பிரெஞ்சுக் கொடி பட...’

வேண்டாம். கொடியைத் தின்ன முடியாது.

இரண்டாவது: நெல்லித்தோப்பில் அஞ்சலாட்சிக்குப் பிள்ளை பிறந்த மாதம் ஆலை மூடிக் கிடந்தது. புருஷன் சாமிக்கண்ணுவுக்கு வேலை இல்லை. வேலியில் மட்டும் மொச்சை* கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. வீட்டில் எல்லோரும் அதைத் தின்றார்கள். பச்சை உடம்புக்காரி என்று அவளுக்கு மட்டும் கஞ்சி. பால் வற்றிக்கொண்டே வந்தது. பிள்ளைக்கு அழவும் தெம்பில்லை.

இது நிற்கும் போலிருக்கிறது.

(*ஏன் பீன்ஸ் இல்லை என்று கேட்பீர்கள். அது வெள்ளைக்காரத் தெருச் சமையலறைக்குப் போன காய். மொச்சை அதற்கு எதிலும் இளைத்ததல்ல.)

3

பத்தியத்தைக் காவல் காக்க ஆள் வேண்டும். சாமிக்கண்ணுவின் அக்காள் செல்வாம்பாளை வரவழைத்தேன். ‘செல்வாம்பாள் உதட்டைச் சுழித்துக்கொண்டு...’ அடித்துவிட்டேன். இவளுக்கு ஏன் மொச்சையிடம் இத்தனை பயம்?

விசாரித்தால், இவளுக்கும் ஒரு பிள்ளை இருந்திருக்கிறது. மாதம் திரும்புமுன் வயிறு உப்பிச் செத்துப்போனது. அதற்கு முதல்நாள், பசி தாங்காமல் ஒரு கை மொச்சை தின்றிருந்தாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள்.

இதை நான் நினைத்து எழுதவில்லை. எழுதியபின் அவளோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை.

4

பக்கத்து வீட்டுப் பெர்னதெத், ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரிகளிடம் சமையல் வேலை பார்ப்பவள். பிள்ளை பெற்றவர்களுக்கு அங்கே மொச்சை கொடுக்கிறார்கள் என்றாள் (உண்மையில் கொடுத்தார்களா, தெரியாது, இந்தக் கதையின் ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள்). ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, தோலைப் பிதுக்கி, குழைய வேகவிட வேண்டுமாம். என் கட்டுரையும் அதைத்தான் சொல்கிறது.

பிள்ளைகளுக்கு மாந்தம் வரவில்லையா என்று செல்வாம்பாள் கேட்டாள்.

“ஒண்ணுக்குக்கூட வர்லக்கா. தாய்க்குப் பாலு நல்லா ஊறுது.”

5

முடிவு ஒன்று: செல்வாம்பாள் மறுத்துவிடுகிறாள். பிள்ளை... இதை எழுதமாட்டேன்.

முடிவு இரண்டு: அஞ்சலாட்சி திருட்டுத்தனமாகத் தின்கிறாள், பிள்ளை பிழைக்கிறது, கட்டுரை ஜெயிக்கிறது. இதழ்க்காரருக்குப் பிடிக்கும். எனக்குத்தான் செல்வாம்பாளை விட்டுப் போக முடியவில்லை.

மூன்று: அவளே வேலிக்குப் போய் மடி நிறையப் பறித்து வருகிறாள். ஊறவைத்துப் பிதுக்கிக் குழைய வேகவைத்து, அஞ்சலாட்சி முன்னால் வைக்கிறாள். அவள் தின்கிறாள். பிள்ளைக்கு வயிறு உப்பவில்லை. சில நாளில் முட்டி முட்டிக் குடிக்கத் தொடங்குகிறது. பெர்னதெத் மாதாவுக்கு நன்றி சொல்கிறாள். எனக்கும் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. கதையை இங்கேயே முடித்திருப்பேன்.

செல்வாம்பாள் விடவில்லை.

“அப்ப எங்கொழந்த எதுனால செத்துச்சி?”

அஞ்சலாட்சி பிள்ளையை மார்போடு அணைத்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். புரதம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், இது தெரியாது. ‘உன்னால் இல்லை’ என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் கேட்டது அதை அல்ல.

நீங்கள் இத்தனை நேரம் பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்தீர்கள். உங்களைத்தான் கேட்கிறாள்.